கரடிக்குக் காது தனிப்பொதி

மணி நாலே முக்கால். களியக்காவிளையில் என் அண்ணன் வீட்டு அடுக்களை வாசல். தலையைக்கூட வாராமல் கையில் நோட்டோடு நிற்கிறேன். உள்ளே முதுகைக் காட்டியபடி மைனி, அதாவது அண்ணி, தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்.

“எதுக்கு பிள்ளே இந்நேரத்துல எளும்பி வந்த? போய் ஒறங்கு.”

“பிள்ளையளுக்குச் சோறு கட்டியத பாக்கணும் மைனி. வாயே தொறக்க மாட்டேன்.”

“பாக்கியதுக்கு இஞ்ச என்ன, சினிமாவா ஓடுது?”

ஓடியது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரம் ஓடியது. கதாநாயகி மைனி. சிரிப்பு நடிகை நான். வில்லன் சுவர்க் கடிகாரம். ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் தெருமுனையில் வந்து ஆரன் அடிக்கும். அதற்குள் ஆறாம் வகுப்பு படிக்கும் மூத்தவளுக்கு ஒன்று, இரண்டாம் வகுப்பு இளையவனுக்கு ஒன்று என இரண்டு சோத்துப்பாத்திரங்கள் பைக்குள் போயாக வேண்டும்.

நாலே முக்காலுக்கு எழுவது இந்தப் பக்கத்தில் பெருமை பேசுகிற விஷயமே இல்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால்வெட்டப் போகிறவர்கள் இதற்கு முன்னாலேயே போயாயிற்று. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். தேங்காய்ப்பட்டணம், வள்ளவிளைக் கரைகளிலிருந்து மீன் வரும் நேரமும் இதுதான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாயாக்கடையில் பால் பொங்குகிறது. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மாநிலமே முடிந்துவிடும். அந்தப் பக்கம் இஞ்சிவிளை, அதைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கோடு போட்டவர்கள் யாரும் அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பொரியலுக்கு இந்தப் பக்கம் துவரன், அந்தப் பக்கம் தோரன். ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு ஒரு சோதனைச் சாவடி!

முதல் காட்சி சம்மந்தி. மற்ற ஊர்க்காரர்கள் இதைத் துவையல் என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் மைனி முன்னால் அப்படிச் சொல்ல வேண்டாம். தேங்காயை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, வற்றல் மிளகாய், உள்ளி, ஒரு சுளை புளி, உப்பு சேர்த்துத் தண்ணீரே தொடாமல் அரைத்து உருட்டுவது. மிக்சி ஒரு சுற்றுச் சுற்றியது, கரண்டு போயிற்று. நான் “அய்யோ” என்றேன். மைனி ஒரு வார்த்தை பேசவில்லை. செல்போன் விளக்கை என் கையில் திணித்தார், அம்மியைக் கழுவினார், இழுத்தார். நாலே இழுப்பு. எழுந்த மணத்தில் எனக்கு அந்த நிமிடமே சோறு வேண்டும் போலிருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை.

“பச்சத் தேங்காய்ல வெள்ளம் ஊத்தி அரச்சா பதினோரு மணிக்கே சளிச்சுப் போவும். வறுத்து, புளி கூட்டி, வெள்ளம் இல்லாம அரச்சா சாயங்காலம் வர நிக்கும்.”

ஏழரைக்கு மூடுகிற பாத்திரம் பன்னிரண்டரைக்குத்தான் திறக்கும். ஐந்து மணி நேரம் நம் ஊர் வெக்கையில் கிடக்கிற சாப்பாட்டுக்கு ஈரம்தான் பகை, புளிப்பு துணை. கிருமிகள் பெருக ஈரமும் இளஞ்சூடும் வேண்டும், புளிப்பு அவற்றுக்கு ஆகாது. இதை ஓர் உணவு விஞ்ஞானி அரை மணி நேரம் படம் போட்டு விளக்குவார். மைனி அம்மியில் முடித்துவிட்டார்.

இதற்குள் அம்மாவும் எழுந்து வந்து முக்காலியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, உரிக்கத் தொடங்கியிருந்தார். வெளித்தோலைச் சீவி, கீழே இருக்கிற இளஞ்சிவப்புத் தோலையும் சுருளாக உருவி எடுப்பது தனிக் கலை. நான் உரித்தால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை அப்படியே வடித்துக் கொட்டினார். பிறகு இன்னொரு கொதி, இன்னொரு வடிப்பு. வழக்கம், சடங்கு என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். உண்மையில் அது பாதுகாப்பு. பச்சை மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் அரைக்கும்போதும் அதிலிருந்து சயனைடு பிரியும். அது தண்ணீரில் கரைந்தும் ஆவியில் பறந்தும் போய்விடுவதால்தான் திறந்து வேகவைப்பதும் வடித்துக் கொட்டுவதும். எங்கள் அம்மாக்கள் லினமாரின் என்ற பேரைக் கேட்டதில்லை. ஆனால் வடிக்காத கிழங்கை ஒரு நாளும் பிள்ளைக்குக் கொடுத்ததில்லை.

தென் அமெரிக்கக் கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அக்கறை எடுத்து இங்கே பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பான் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது வீட்டுக்கு வீடு உயிரைப் பிடித்து வைத்ததும் இதுதான்.

“எங்களுக்கு ஏது பாத்திரமும் மண்ணும்? வாளையெலயில ரெண்டு துண்டு கெழங்கு, ஒரு கருவாடு. அதாக்கும் பொதி” என்றார் அம்மா. அம்மாவுக்கு 72 வயது. அவர் படித்த காலத்தில் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் வந்துவிட்டது. 1960-களில் அதற்குக் ‘கேர்’ அமைப்பு மூலம் அமெரிக்காவிலிருந்து மாவும் பால்பொடியும் எண்ணெயும் வந்தன. அதில் கிண்டிய மஞ்சள் உப்புமாவைப் பற்றி அம்மா பேசத் தொடங்கினால் கிழங்கு கரிந்துவிடும். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் காமராஜர் நின்று ஜெயித்தாரே, அந்தத் தேர்தலில் என் பாட்டி ஓட்டுப் போட்டதற்கு ஒரே காரணம் அந்த உப்புமா என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. பாட்டி இல்லாததால் சரிபார்க்க வழியில்லை.

அடுத்தது எனக்கு மிகப் பிடித்த காட்சி. மூத்தவளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் பொதிச்சோறு. பின்கட்டிலிருந்து வெட்டிய வாழையிலை இளம்பச்சையாக, விறைப்பாக, கொஞ்சம் மடக்கினாலும் கிழிந்துவிடுவேன் என்று பயமுறுத்தியது. மைனி நடுத்தண்டைச் சீவிவிட்டு அடுப்புச் சுவாலைக்கு மேலே இப்படி ஒரு வீச்சு, அப்படி ஒரு வீச்சு. தீ பட்ட இடமெல்லாம் நிறம் மாறிக்கொண்டே போகிறது! இளம்பச்சை கரும்பச்சையாகி, எண்ணெய் தடவினது போல மினுங்கி, துணிபோலத் துவண்டுவிட்டது. இலைமேல் இருக்கிற மெழுகுப் பூச்சு இளகி, நரம்பும் இளகி, எப்படி மடித்தாலும் வளைந்துகொடுக்கும். நான் கைதட்டினேன். “பிராந்தா ஒனக்கு?” என்றார் மைனி.

இலை நடுவில் சூடான சம்பாச் சோறு. தடித்த சிவப்புப் புழுங்கலரிசி. அதன்மேல் பயத்தங்காய்த் துவரன், முருங்கைக்கீரை போட்டுப் பொரித்த முட்டை, ஒரு துண்டு பொரித்த அயலை, ஓரத்தில் சம்மந்தி உருண்டை மூன்று, உப்பிலிட்ட நெல்லிக்காய் ஒன்று. நெல்லிக்காய் எதற்கு என்று கேட்டேன். “எச்சி ஊறணும்லா?” என்றார். கீரையிலும் பயற்றிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள நெல்லிக்காயின் வைட்டமின் சி கைகொடுக்கும் என்பது என் பங்குக்கு நான் சொன்னது. “அதுவும் இருக்கட்டும்” என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

நாலு பக்கமும் மடித்து வாழைநாரால் ஒரு கட்டு. முன்பெல்லாம் மேலே செய்தித்தாள் சுற்றுவார்கள். அச்சு மை சோற்றில் இறங்கும், கூடாது. 2018-ஆம் ஆண்டு உணவுப் பொட்டல விதிகளே செய்தித்தாளில் சாப்பாடு பொதியத் தடை போட்டிருக்கின்றன. மைனி பழைய வேட்டித் துணியில் சுற்றுகிறார். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் சின்ன வருத்தம். நான் எழுதியவற்றில் மிக மணமாக முடிந்தவை பொதியைச் சுற்றிப் போனவைதான் என்று எண்ணியிருந்தேன்.

இனி என் தலைக்குனிவு.

முந்தின இரவு முழுக்க நான் ஜப்பான் அம்மாக்களின் வீடியோக்களைப் பார்த்திருந்தேன். பென்டோ என்று அவர்கள் கட்டுகிற மதியச் சாப்பாட்டில் கியாராபென் என்று ஒரு வகை உண்டு. சோற்றில் கரடி, சோற்றில் பூனை, கடற்பாசியில் மீசை. பார்த்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. இளையவன் பாத்திரம் இன்றைக்கு என் பொறுப்பு என்று சபதம் செய்திருந்தேன். சம்பாச் சோற்றை அள்ளினேன், உருட்டினேன், தலை வைத்தேன், உடம்பு வைத்தேன். கையை எடுத்தேன். கரடி அப்படியே சரிந்து மணல்மேடானது. மறுபடி உருட்டினேன். மறுபடி மேடு. மூன்றாம் முறை தலை மட்டும் நின்றது, கழுத்தில்லாமல்.

இளையவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். “மாமி, இது எறும்புப் புத்தா?”

குற்றம் என் கைமேல் இல்லை, அரிசிமேல்! ஜப்பான் அரிசியில் அமைலோஸ் என்கிற மாவுச்சத்து குறைவு. அதனால் வெந்ததும் மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நம் சம்பா நெல்லிலேயே அவித்துக் காயவைத்த புழுங்கல், வெந்தாலும் ஒவ்வொரு மணியும் தனிக்குடித்தனம். கறியை வாங்கிக் குடிப்பதற்காக வந்த அரிசியைக் கரடியாகு என்றால் எப்படி ஆகும்?

நான் அழாத குறை. அம்மா முக்காலியிலிருந்து எழவே இல்லை. வெந்த மரச்சீனியை மத்தால் மசித்துக்கொண்டே சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். “இதுல பிடி.”

மஞ்சளும் தேங்காயும் சீரகமும் பூண்டும் அரைத்துப் போட்ட கிழங்கு. கையில் எண்ணெய் தொட்டு உருட்டினேன். நின்றது! தலை நின்றது, தொப்பை நின்றது, இரண்டு கை வைத்தேன், அதுவும் நின்றது. வடிவாக, மஞ்சளாக, மார்த்தாண்டம் சந்தையில் வியாபாரம் முடிந்து உட்கார்ந்திருக்கிற பெரியவர் போலக் கரடி கம்பீரமாக உட்கார்ந்துவிட்டது. மரச்சீனி மாவின் ஒட்டும் குணத்தை ஜவ்வரிசி தின்றவர்கள் எல்லாரும் அறிவார்கள். நான்தான் விடிய விடிய ஜப்பானில் தேடியிருக்கிறேன்.

கண்ணுக்கு இரண்டு நல்லமிளகு. மூக்குக்கு அண்டிப்பருப்பு. காதுக்கு என்ன? டப்பாவிலிருந்து வட்டமாக இரண்டு ஏத்தங்காய் வறுத்ததை எடுத்துச் செருகினேன். காது என்றால் அதுதான் காது!

“காது பதிஞ்சு போவும் பிள்ளே” என்றார் மைனி. “கெழங்குக்க ஆவி பட்டா ஒம்பது மணிக்கெல்லாம் தொங்கிரும். காதத் தனியா பொதி.”

ஆகவே கரடிக்குக் காது தனிப்பொதி. சின்ன இலைத்துண்டில் சுற்றி, மடியில் வைத்து, சாப்பிடும்போது செருகிக்கொள் என்று இளையவனுக்கு இரண்டு முறை ஒத்திகை. அவன் மூன்றாம் முறையும் கேட்டு ஒத்திகைக் காதைத் தின்றுவிட்டான். புதுக் காது வெட்டவேண்டியதில்லை, டப்பாவில் நிறைய இருந்தது.

கரடி மட்டும் போகவும் மைனி விடவில்லை. கிழங்கு வயிற்றை நிறைக்கும், ஆனால் அதில் புரதம் மிகச் சொற்பம். அதனால்தான் இங்கே கிழங்கையும் மீனையும் பிரித்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. முட்டைப் பொரியல் கரடிக்குப் போர்வை ஆனது. சிறுபயறு அதற்குத் தலையணை. பொரித்த நெத்தோலி நாலு, கரடி காட்டாற்றில் பிடித்ததாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். இடைவேளைக்கு இரண்டு மட்டிப்பழம். விரல் நீளம், தோலை உரித்தால் அறை முழுக்க வாசனை, இந்த மாவட்டத்தில் பச்சைப்பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்ததும் ஒரு கடைக்காரர் என்னிடம் சீப்புக்கு விலை கூட்டியதை நான் மறக்கவில்லை.

எல்லாம் வைத்தாயிற்று, மூட வேண்டியதுதானே? கை போன வேகத்தில் மைனி தட்டிவிட்டார். பத்து நிமிடம் திறந்தே இருக்கவேண்டுமாம். கொதிக்கக் கொதிக்க மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கட்டிச் சாப்பாட்டிலேயே திரும்பச் சொட்டும், அந்த ஈரத்தில்தான் சளிப்பு தொடங்கும். பொதிச்சோறுக்கு மட்டும் இந்தச் சட்டம் கிடையாது; கூடுதல் ஆவியை இலையும் துணியும் வாங்கிக்கொள்ளும். அதில் சூடோடு மடித்தால்தான் மீனும் சம்மந்தியும் துவரனும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அந்தப் பெயர் சொல்ல முடியாத ருசி வரும்.

அந்தப் பத்து நிமிடத்தில் மூத்தவளுக்குச் சடை பின்னினேன். பின்னுகிற கைக்குப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

“மாமி, ஒரு பொரிச்ச மீனுக்கு மூணு உன்னியப்பம். அதாக்கும் கணக்கு.”

“ஆருக்க கணக்கு?”

“எங்க பெஞ்சுக்க கணக்கு. சம்மந்திக்கு மட்டும் கணக்கில்ல. அத ஆரும் எப்பமும் கேட்டுட்டே இருப்பாவ.”

விசாரித்ததில் தெரிந்தது, அந்த பெஞ்சில் ஒரு சந்தையே நடக்கிறது. எலுமிச்சைச் சோறு கொண்டுவருகிறவளுக்கு மதிப்புக் குறைவு. புட்டும் பயறும் நடுத்தரம். நூடுல்ஸ் கொண்டுவந்தவள் முதல் நாள் ராணி, மூன்றாம் நாள் சீந்துவாரில்லை, ஆறினால் அது கயிறு. ஒரு பையனுக்கு எறால் தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும். அது தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பள்ளிக்கு எறால் கட்டுவதில்லை. இஞ்சிவிளையிலிருந்து வருகிற கூட்டுகாரி ஒருத்திக்கு எங்கள் வீட்டுச் சம்மந்தி என்றால் உயிர்.

நான் திரும்பி அடுக்களையைப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு எதற்கு எலுமிச்சை அளவில் மூன்று சம்மந்தி உருண்டை என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மைனி ஒன்றும் அறியாதவர் போலப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“மைனி, அந்தப் பிள்ளைக்கும் சேத்தா கட்டுறீங்க?”

“கட்டாம? அவ கேட்டா இவ தன்னதக் குடுத்துட்டு வெறுஞ்சோறு திம்பா. பாத்திரம் காலியா வருது, பிள்ள தின்னுச்சுன்னு நாம நெனப்போம்.”

எனக்கு நோட்டில் எழுதவே கை வரவில்லை. ஊரெல்லாம் பாத்திரம் காலியாக வந்தால் சந்தோஷப்படுகிறோம். யார் வயிற்றில் காலியானது என்று கணக்குப் போட்டு, கடன் கொடுப்பதற்கும் சேர்த்துச் சமைக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆரன்! ஏழு நாற்பத்து மூன்று! இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டது வேன். ஒரு காலில் சாக்ஸ் இல்லை. தண்ணீர்ப் போத்தலுக்கு மூடி இல்லை. கரடி இருக்கிறது, காது எங்கே? காது, காது! அம்மா முக்காலிக்குக் கீழிருந்து இலைப்பொதியை எடுத்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டித் தெருவில் ஓடினார். வேன் ஜன்னல் வழியே கரடியின் காதுகள் ஏறின. அடுக்களையில் மாவும் தோலும் பாத்திரமும் போர்க்களமாகக் கிடந்தன. மைனி அதன் நடுவே உட்கார்ந்து ஒரு தம்ளர் சாயா குடித்தார். மூன்று மணி நேரத்தில் அவர் உட்கார்ந்தது அப்போதுதான்.

பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது காது செருகியிருப்பான். பன்னிரண்டு நாற்பது. இப்போது தலை போயிருக்கும்.

நாலரைக்கு வந்தார்கள். மூத்தவள் பையிலிருந்து துணியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே எங்கள் வாழையிலை இல்லை. நுனி கூர்த்த வேறு இலை, தெரளி இலை, கூம்பாகச் சுருட்டி ஈர்க்கு குத்தியிருந்தது. தெரளியப்பம். அரிசிமாவும் கருப்பட்டியும் பழமும் பிசைந்து அந்த இலையிலேயே அவித்தது. திறந்ததும் கறுவாப்பட்டை போல ஒரு மணம். இஞ்சிவிளை அம்மா கொடுத்துவிட்டிருக்கிறார். அவரும் மைனியும் இதுவரை நேரில் பார்த்ததில்லையாம். மைனி ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு யோசித்தார்.

“ஏலக்கா கூடிப்போச்சு” என்றார். பிறகு இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டார்.

நான் இளையவன் பாத்திரத்தைப் பிடுங்கித் திறந்தேன். சுத்தமாகக் காலி. ஓரத்தில் ஒரே ஒரு நல்லமிளகு உருண்டுகொண்டிருந்தது.

“ஒரு கண்ணுதானே இருக்கு? இன்னொரு கண்ணு எங்கடே?”

“டீச்சர் தின்னாவ.”

“டீச்சரா?”

“மூக்கயும் அவியதான் தின்னாவ. காது நான் தின்னேன். மாமி, திங்கக்கெழம ஆன வேணுமாம்.”

“ஆரு கேட்டது? நீயா?”

“டீச்சராக்கும்.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. திங்கட்கிழமை நான் நாகர்கோவிலில் இருப்பேன், ஆனையாவது பூனையாவது என்று சொல்லப் போனேன். அதற்குள் கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்த மைனி கையைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

“தும்பிக்கைக்கு ஒரு பயத்தங்காய் போதுமா பிள்ளே?”